இளம்பிள்ளையில் கழலும் நட்டு

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு இளம்பிள்ளை ஆகாது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். சூரமங்கலத்தில் சமர்த்தாகக் கிளம்பும் வண்டி, இளம்பிள்ளை நெசவாளர் தெரு நெருங்கியதும் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். "அட, மறுபடியும் கழண்டுக்கிச்சு சாமி" என்பார் சித்தப்பா. அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வருத்தம் இருக்காது. அதை நான் அவருடைய பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தோட்டம் கொங்கணாபுரம் பக்கம். படிப்புக்காக என்னைச் சூரமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பா ரயில்வேயில் ஃபிட்டர். சனிக்கிழமை மதியம் சித்தப்பா வந்து என்னை ஊருக்கு அழைத்துப்போவார், திங்கட்கிழமை விடியற்காலையில் கொண்டுவந்து விடுவார். பஸ் வசதி இருந்தது. ஆனாலும் "பொம்பளப் புள்ளய பஸ்ஸுல இடிபட உடறதா?" என்று கேட்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். அண்ணன் மகள்மேல் இவ்வளவு பாசமா என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

கழல்வது எது என்று சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம். சங்கிலியை இழுத்துப் பின்சக்கரத்தைச் சுற்றவைப்பது அதுதான். அதை இறுக்கிப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரு பெரிய நட்டு. நட்டு தளர்ந்தால் பல்சக்கரம் ஆடும், சங்கிலி மூடியில் உரசும். அந்தக் கடகட அங்கிருந்துதான் வரும்.

வண்டி நிற்பது எப்போதும் ஒரே வீட்டின் வாசலில். உள்ளே குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நெசவைத் தொடர்வார். அவருடைய மகள் வெளியே வருவாள். நான் அவளை அக்கா என்பேன்.

"ஏனுங்க, இந்த வாரமும் கழண்டுக்கிச்சுங்களா?"

"ஆமாங்க, என்ன பண்றது, ரோடு அப்படி" என்பார் சித்தப்பா. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நட்டை இறுக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அக்கா சொம்பில் தண்ணீரும், கை துடைக்கத் தறியில் மிச்சப்பட்ட பட்டு நூலும் கொண்டுவந்து தருவாள். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் மாம்பழ மஞ்சள், ஒரு வாரம் மயில் கழுத்து நிறம். சித்தப்பா அதைச் சுருட்டிக் கருவிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, கிரீஸ் கையைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்துக்கொள்வார். துடைக்கக் கொடுத்த நூல் அழுக்கில்லாமல் இருக்க, வேட்டி எதற்குப் பாழாக வேண்டும்? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் ரோடும் வெயிலும்தான். ஒரு சனிக்கிழமை மட்டும் அக்கா குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மஞ்சள் வெட்டு முடியட்டுங்க. அண்ணங்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். அதுக்குள்ள வேற யாராச்சும் சொன்னா காரியம் கெட்டுப்போயிரும்."

வண்டியில் கோளாறு என்று அப்பாவிடம் சொல்லவா இத்தனை பயம்! பாவம் சித்தப்பா என்று எனக்கு மனசு இளகிவிட்டது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீருவது என்று முடிவுகட்டினேன்.

பெரியப்பாவிடம் கேட்டேன். ரயில்வேக்காரருக்குத் தெரியாத நட்டா? "நட்டு தானாக் கழலாது சாமி" என்று சொல்லிவிட்டு, என் சிலேட்டிலேயே படம் போட்டுக் காட்டினார். நட்டுக்கு அடியில் தகடாக ஒரு வாசர் இருக்கும். நட்டை இறுக்கிய பிறகு அந்த வாசரின் விளிம்பை உளியால் தட்டி நட்டின்மேல் மடித்துவிட வேண்டும். அப்புறம் நட்டு அசையாது.

அடுத்த சனிக்கிழமை குனிந்து பார்த்தேன். வாசர் இருந்தது. விளிம்பில் முன்னொரு காலத்தில் மடித்த தடமும், அதை யாரோ நிமிர்த்தித் தட்டையாக்கிய தடமும் இருந்தன. "ஏனுங்க சித்தப்பா, இதை மடிக்கலையா?" என்றேன். சித்தப்பா என்னையே ஒரு கணம் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"மடிச்சா ஒடஞ்சுபோயிரும் சாமி" என்றார்.

எனக்கு அது சரியாகப்படவில்லை. மறுநாள் காலை அப்பா கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, சித்தப்பாவுக்காக நானே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எங்கெங்க கழலுது?"

"இளம்பிள்ளைல மட்டுந்தானுங்கப்பா. ஒரே ஊட்டு முன்னால."

"திங்கக்கெழம போறப்ப?"

"ஒருநாளும் கழண்டதில்லீங்க. சனிக்கெழம கெளம்பறதுக்கு முன்னால சித்தப்பா ஸ்பேனரப் போட்டு ஒரு திருகு திருகிக்கூடப் பாக்கறாருங்க. அப்படியும் கழண்டுக்குது."

அப்பா இவ்வளவு ஆர்வமாக என்னிடம் எதையும் கேட்டதில்லை. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்டார். விசாரித்தால்தானே கோளாறு பிடிபடும் என்று நானும் விலாவாரியாகச் சொன்னேன். அப்பா எழுந்துபோய் வண்டியின் கருவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூல் சுருள்கள் நிறம் நிறமாக, அடுக்கிவைத்தபடி இருந்தன. ஒன்றில்கூடக் கிரீஸ் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

பிறகு உளியும் சுத்தியலும் எடுத்துவந்து மூடியைக் கழற்றினார். நட்டை இறுக்கி, வாசரின் விளிம்பை மூன்றே தட்டில் நட்டின்மேல் மடித்தார். பெரியப்பா படம் போட்ட மாதிரியே இருந்தது. "நல்லவேளை சொன்ன சாமி" என்று என் தலையைத் தடவினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல் சுருள்களை மட்டும் அவர் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு இளம்பிள்ளையிலிருந்து சேலைதான் வரும், பெண் வந்ததில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை கிணற்றடியில் அப்பாவின் குரல் மட்டும் உயர்ந்து கேட்டது. சித்தப்பா சாப்பிட வரவில்லை. மறுநாள் அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கிளம்பும்போது பார்த்தேன், சித்தப்பாவின் பட்டு வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அந்த வண்டியில் என்னை அழைக்க வந்தவர் அப்பா. சித்தப்பா எங்கே என்றதற்கு, "மேச்சேரிக்கு ஆடு பாக்கப் போயிருக்கான்" என்றார். ஆடு பார்க்கப் பட்டு வேட்டி எதற்கு என்று கேட்கலாம் என்றிருந்தேன், அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வைகாசியில் அதே மேச்சேரியிலிருந்து சித்தி வந்தாள். சித்தப்பா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை இளம்பிள்ளை நெருங்கியதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கடகடச் சத்தமே இல்லை. வண்டி வெண்ணெயாக ஓடியது. என்ஜின் சத்தம் பழகியவள்போல அக்கா வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கிளிப்பச்சை நூல். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் பின்னாலிருந்து கையை ஆட்டி, தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"அக்கா, வண்டி சரியாயிருச்சுங்க! நாந்தான் அப்பாகிட்டச் சொன்னேன்! இனிமே இங்க நிக்கவே நிக்காது!"

தெருமுனை திரும்பும்வரை அவள் அப்படியே நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.