பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆண்டுக்கு ஒருமுறை வங்கிக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு சடங்கு. போன வாரம் போனபோது, கவுண்ட்டரில் இருந்த பெண் ஐந்தாறு தாள்களை விசிறி போல விரித்து, பென்சிலால் ஆறு இடத்தில் பெருக்கல் குறி போட்டு என் பக்கம் தள்ளினாள். "தாத்தா, குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுருங்க." போட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நகலைப் பார்த்தால், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு ஒரு கையெழுத்தும், செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்து கையெழுத்தும் போட்டிருக்கிறேன். விபத்துக் காப்பீடாம்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர உரிமையும் இல்லை. திருப்பூரில் நான் வேலை பார்த்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குள் அந்தப் பென்சில் குறியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

நான் ஆசிரியர் இல்லை. அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பாடம் நடத்துவதைத் தவிர பள்ளியின் மற்ற எல்லாக் காரியமும் என் மேசை வழியாகத்தான் போகும். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல், எந்தக் கோப்பு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், எந்த வார்த்தையைப் போட்டால் தணிக்கைக்காரர் வாயை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிகளில் வேலை. இதைத் தெரிந்துகொள்ள வருகைப் பதிவேடு தேவையில்லை. கரும்பலகை துடைக்கும் துணியைப் பார்த்தால் போதும். பிள்ளைகள் வெட்டுத்துணியைப் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு மாதம் எல்லா வகுப்பிலும் ஆரஞ்சு நிறத்தில் துடைப்பார்கள். அடுத்த மாதம் மயில்நீலம். எந்த நாட்டுக்கு என்ன ஆர்டர் போகிறது என்பது ஏற்றுமதியாளருக்கு அடுத்தபடியாக எங்கள் கணக்கு டீச்சருக்குத்தான் தெரியும். புதுத் துணிக்கு ஒரு வாசனை உண்டு, இஸ்திரி ஆவியும் எண்ணெயும் சாயமும் கலந்தது. அந்த வாசனை இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் அடித்தால் எனக்குச் சாக்பீஸ் ஞாபகம் வருகிறது.

கம்பெனிகளில் வெளிநாட்டு ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தின வாரம் தொழிலாளர்களிடம் கட்டுக் கட்டாகக் கையெழுத்து வாங்குவார்கள். மிஷினில் உட்கார்ந்தபடியே, நூல் அறுபடாமல், பென்சில் குறி போட்ட இடத்தில் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அது பழக்கம். பள்ளியிலிருந்து நான் அனுப்பும் தாள்களோ கையெழுத்தே இல்லாமல் திரும்பும், அல்லது தேதி எழுதுகிற இடத்தில் கையெழுத்தோடு திரும்பும். ஒரு நாள் யோசித்து, பென்சிலை எடுத்து, எல்லாத் தாளிலும் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். மறுநாளே நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நானும் அன்று இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜெபராணி கதை இங்கேதான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா எஸ்தர் ஒரு கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை; அப்பா இஸ்திரி போடுகிற அயர்ன் மாஸ்டர். இருவரும் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். ஒன்றரை ஷிப்ட் என்பது இந்த ஊரில் ஒரு முழு நாளின் பெயர். ஜெபராணி சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே பக்கத்து பெஞ்சுப் பெண்ணை ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்தாள். அடுத்து வகுப்பு நடக்கும்போதே எழுந்து வெளியே போனாள். பிறகு மறுபடி ஒரு அடி. அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். நானும் கடமைக்குக் கேட்டேன்.

"ஏன் கண்ணு அடிச்சே?"

"கேட்டா. குடுத்தேன்."

ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. மூன்று முறை பெற்றோருக்கு நோட்டீஸ். என் நோட்டீஸின் தமிழை இப்போது நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. 'மேற்படி மாணவி பள்ளி ஒழுங்குமுறைக்கு முரணான நடத்தையில் தொடர்ந்து ஈடுபட்டு வருவது நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளமையால்' என்று தொடங்கி, மூச்சை எங்கும் விடாமல் எட்டு வரி போகும். கீழே பென்சில் குறி. பிள்ளையிடமே கொடுத்து அனுப்புவோம். மூன்றும் மறுநாளே கையெழுத்தோடு வந்தன. அம்மா மட்டும் வரவே இல்லை.

வகுப்பாசிரியை சரஸ்வதி டீச்சர், அதே கணக்கு டீச்சர்தான், அவினாசிக்காரர். பொறுமைசாலி. அவரே பொறுமை இழந்துவிட்டார்.

"ஏனுங்க சார், மூணு நோட்டீசுலயும் கையெழுத்து இருக்குது. ஒரு தடவையாச்சும் அந்தம்மா எட்டிப் பாத்துதுங்களா? பெத்தவங்களுக்கே அக்கறை இல்லீன்னா நான் ஒருத்தி என்னங்க பண்றது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளி ஒரு பிள்ளையை நேரடியாக வெளியே அனுப்பினால் ஆயிரம் கேள்வி வரும். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பெற்றோரே விரும்பிக் கேட்டதாக ஒரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டால் போதும். மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடலாம், எங்கள் மேல் தூசி படாது. 'என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்' என்று நானே தட்டச்சு செய்தேன். நடு ஆண்டில் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வயதில் படிப்பை விட்ட பெண்கள் எங்கே போவார்கள் என்பதும் தெரியும். ஏதாவது கம்பெனியின் பின்கட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார்கள். தெரிந்துகொண்டேதான் தட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இந்த மாதிரித் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பக் கூடாது, நேரில் வாங்க வேண்டும். அதனால் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"உள்ள விட்டா எம் வேலை போயிருமுங்க சார். ஆறு மணி டீ டைமுக்கு வாங்க, எல்லாரும் வெளிய வருவாங்க."

அந்த டீ டைமை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். ஆறு மணிக்கு மணி அடித்ததும் தெருவில் இருந்த அத்தனை கம்பெனிக் கதவுகளும் திறக்கும். நூறு, இருநூறு என்று ஆட்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு தெருவில் இறங்குவார்கள். கால் மணி நேரம் அந்தத் தெருவில் ஸ்கூட்டர்கூட நுழைய முடியாது. தேங்காய் பன், முட்டை போண்டா, கண்ணாடி டம்ளர் சத்தம், நாலு மாவட்டத்துத் தமிழ். மறுபடி மணி அடித்தால் தெரு துடைத்து வைத்தது போல ஆகிவிடும்.

எஸ்தர் என்று செக்யூரிட்டி கைகாட்டிய பெண்ணிடம் போய் நின்றேன். ஒல்லியாக, கழுத்தில் சின்னச் சிலுவை, ஒரு கையில் டீ. பள்ளிக்கூடத்து சார் என்றதும் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"எங்க சார் போடணும்? இதுல குறியக் காணுமே?"

குறி இருந்தது, மடிப்பில் மறைந்திருந்தது. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை அவரே எடுத்துக்கொண்டார்.

"வெரசா சொல்லுங்க சார், மணி அடிச்சிருவான். இது நாலாவது தாள்லா? ஸ்காலர்ஷிப் எப்ப சார் வரும்?"

"என்ன ஸ்காலர்ஷிப்புங்க?"

"ஜெபா சொன்னாளே. படிக்கிற பிள்ளைகளுக்குக் கவர்மென்ட்ல குடுக்காங்கன்னு. மூணு தாள்ல போட்டுக் குடுத்தேனே சார்."

பேனா முனை தாளில் பட்டுவிட்டது. ஒரு சின்ன நீலப் புள்ளி. நான் தாளைப் பிடித்து இழுத்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் கையெழுத்து விழாமல் ஒரு தாளை இழுத்தது அந்த ஒரு முறைதான்.

"இது ஸ்காலர்ஷிப் இல்லீங்கம்மா. நீங்களே உங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திக்கறீங்கன்னு எழுதியிருக்குது."

அப்புறம் மூன்று நோட்டீஸிலும் என்ன இருந்தது என்று சொன்னேன். எட்டு வரியும் பேச்சில் சொன்னால் ஒரு வரிதான் வந்தது: உங்கள் பெண் அடிக்கிறாள், வந்து பேசுங்கள். அவர் அழவில்லை. டீயில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லிருக்கா. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கிடுதேன். நான் அங்க வந்தா அரை ஷிப்ட் போயிரும்னு நெனச்சிருப்பா." பிறகு நிமிர்ந்தார். "ஆனா சார், நீங்க எழுதுனிய, நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேருமே அவகிட்ட ஒழுங்கா ஒரு வார்த்த கேக்கலியே."

மணி அடித்தது. டீயைக் குடிக்காமலே போனார்.

அலுவலகத்துக்கு வந்து அந்தத் தாளை நான் கிழித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அரசு ஊழியன் எதையும் கிழிப்பதில்லை. கோப்பில் சேர்த்து, 'பெற்றோரை நேரில் சந்தித்ததில் விருப்பம் தெரிவிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து வைக்கவும்' என்று குறிப்பு எழுதினேன். தள்ளிப்போட்டுக்கொண்டே போவது, ஒரு காரியத்தைக் கொல்வதற்கு எங்களிடம் இருந்த அதே ஆயுதம்தான். அன்று அதை வைத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று கண்டுகொண்டேன்.

சரஸ்வதி டீச்சரிடம் சொன்னபோது முகம் சிவந்துவிட்டது. "அப்ப தப்பு எம்மேலைங்களா சார்?"

"பாதிதாங்க டீச்சர். மீதியை நான் தட்டச்சு பண்ணியிருக்கேன்."

மறுநாள் ஆறு மணிக்கு இருவரும் போனோம். டீச்சருக்குத் தெருவில் நின்று டீ குடித்துப் பழக்கமில்லை. டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு நின்றார். எஸ்தர் முந்தின நாள் வீட்டில் மகளிடம் கேட்டிருந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வகுப்புல எம்பிள்ளைய 'பொழைக்க வந்தவ'ன்னு சொல்லுதாவளாம் டீச்சர். அதுக்குத்தான் அடிச்சிருக்கா. அடிச்சது தப்பு, நான் கண்டிச்சிட்டேன். ஆனா அந்த வார்த்தைய மொதல்ல சொன்னது நீங்கதானாம்."

நான் டீக்கடைக்காரரின் பாய்லரை ஆராயத் தொடங்கினேன். டீச்சர் டம்ளரைக் கடை பெஞ்சில் வைத்தார்.

"சொன்னேனுங்க. 'பொழைக்க வந்த எடத்துல ஒழுங்கா இருக்கோணும்'னு சொன்னேன். வாய் தவறி வந்ததுன்னு சொல்ல மாட்டேனுங்க. நாளைக்கு வகுப்புலயே அது தப்புன்னு சொல்லிப் போடறேன்."

"சரி டீச்சர். இன்னொண்ணு. அவ அடிச்சா மட்டும் எழுதி அனுப்புதிய. அழுதாலும் சொல்லுங்க."

"அந்தப் புள்ளை அழுது நான் பாத்ததே இல்லீங்களே."

"வீட்ல வந்து அழுவா. அத நான் உங்ககிட்ட சொல்லுதேன். அங்க நடக்கத நீங்க எங்கிட்ட சொல்லுங்க. நடுவுல அவ யார்கிட்டயும் கத விட முடியாதுலா?"

டீச்சர் சிரித்துவிட்டார். கணக்கு டீச்சருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பிடிக்கும்போல.

அவர் வகுப்பில் சொன்னபடியே சொன்னார். அடி வாங்கிய பெண்ணின் அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய தையல் யூனிட் வைத்திருந்தார். அவரையும் ஒரு மாலை அந்த டீக்கடைக்கு வரவழைத்துப் பேசினோம். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், பஸ்ஸுக்குப் போகும் வழியில், சரஸ்வதி டீச்சர் அங்கே ஐந்து நிமிடம் நிற்பார். கொஞ்ச நாளில் வேறு டீச்சர்களும் நின்றார்கள், வேறு அம்மாக்களும் வந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நான் முறைப்படி கூட்டிய பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களுக்கு ஏழு பேர் வருவார்கள், அதில் இருவர் தூங்குவார்கள். இந்தக் கால் மணி நேரத்துக்கு அழைப்பு இல்லை, அஜெண்டா இல்லை, வந்தவர் எத்தனை என்று எழுதவும் ஆளில்லை. நானும் சும்மா டீ குடித்தேன்.

ஜெபராணி தேவதை ஆகிவிடவில்லை. பத்தாம் வகுப்பில் இன்னொரு முறை அடித்தாள். அன்று மாலையே அம்மாவுக்குத் தெரிந்தது, மறுநாள் காலை அவளே வந்து மன்னிப்புக் கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத்தான் எங்கள் பள்ளியை விட்டுப் போனாள். அந்தச் சான்றிதழையும் நான்தான் எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா சார்?" என்றாள்.

அவளுடைய கோப்பு இப்போது இல்லை. இத்தனை ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்பது விதி. இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. அடித்ததுதான் இருக்கும், அந்த அம்மா டீச்சரிடம் சொன்னது எதுவும் இருக்காது.

சென்ற மாதம் வேறு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். மணி ஆறு. மணி அடிக்கவில்லை. பெரிய கம்பெனிகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. அங்கே உள்ளேயே கேண்டீன், தைக்கிறவர்களின் மிஷின் பக்கத்துக்கே டீ வந்துவிடுகிறதாம். டீக்கடை இருந்த இடத்தில் கூரியர் ஆபீஸ். கம்பெனி வேன் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்ணாடி மூடி வந்தது. எதிரில் இரண்டு டீச்சர்கள், பள்ளி அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஸ்கூட்டரில் வந்தார்கள். தெரு குறுகல் என்பதால் ஒருவரை ஒருவர் மெதுவாகத்தான் கடந்தார்கள். வேன் ஜன்னலுக்கும் டீச்சரின் தோளுக்கும் நடுவே இரண்டடிதான் இருந்திருக்கும். யாரும் திரும்பவில்லை.