கரண்ட் முருகன் வீட்டு இரண்டடி சம்ப்

தச்சநல்லூரில் பதினாலு வருஷமாக மீன்தொட்டி செய்து விற்கிறேன். என்னிடம் வாதாடாத ஆளே கிடையாது. ஆனால் கல்லிடைக்குறிச்சி இசக்கிமுருகன் மாதிரி என் உயிரை வாங்கியவன் எவனும் இல்லை. மின்வாரியத்தில் லைன்மேன். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பம் ஏறுகிறான். கரண்ட் போனால் ஊரில் ஆபீசுக்குப் போன் போடமாட்டார்கள், 'கரண்ட் முருகன்' என்று பேர் வைத்து இவனுக்குத்தான் போடுவார்கள். அந்த மிதப்பு அவனுக்கு நிறையவே உண்டு.

"மீனைப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்தாத்தான் பாய், கம்பம் ஏறுன கை நடுக்கம் நிக்குது" என்று ஒருநாள் சொன்னான். என் மனசு இளகிவிட்டது. ஆறடியில் தொட்டி செய்துகொடுத்தேன். அதற்கு அடியில் வைக்கும் சம்பில்தான் சண்டை தொடங்கியது.

இது வாசலில் தோண்டுகிற சம்ப் இல்லை. மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி, அவ்வளவுதான். மேல்தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கிச் சுத்தமாகும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அது கொள்ளும் அளவுக்கு சம்பில் காலி இடம் வேண்டும். நான் நாலடி நீளம் என்றேன். அவன் இரண்டடி போதும் என்றான்.

"கரண்ட் போனா என்ன செய்விய அண்ணாச்சி?"

"ஏன் வே, கரண்ட் எப்பப் போகும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாலயே இறங்குற குழாய அடைச்சு மோட்டார நிறுத்திருவேன்."

"இன்வெர்ட்டராவது வைங்க."

"லைன்மேன் வீட்ல இன்வெர்ட்டரா? ஊரே சிரிச்சிரும் வே!"

அவன் மனைவி மாரிக்கண்ணு அப்பளம் போட்டு விற்கிறவள். மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"மைதீன் பாய், கரண்ட் போனா மேல இருந்து எத்தன குடம் இறங்கும்?"

"நாலு குடம்."

"அந்த ரெண்டடியில எத்தன கொள்ளும்?"

"ஒன்றரை."

புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப மிச்சம் ரெண்டரைக் குடம் என் அப்பளத்து மேலயா? ஒரு சொட்டு பட்டுதுன்னாலும் தொட்டி தெருவுக்குப் போயிரும். பாத்துக்கிடுங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் இரண்டடியைத்தான் வைத்துவிட்டு வந்தேன். காசு கொடுக்கிறவன் பேச்சுக்கு மேல் நான் என்ன செய்ய?

மூன்றாம் வாரம் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க மின்தடை. சுவிட்சை இறக்கவேண்டியவன் நம்ம ஆள்தான். வீட்டில் கல்யாண ஆர்டர் அப்பளம் இரண்டாயிரம். வெளியே தூறல் என்பதால் கூடத்துத் தரையில் தொட்டியைச் சுற்றிப் பரப்பியிருந்தது.

கம்பத்தடியில் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் அவனுக்குப் பொறிதட்டியிருக்கிறது. வீட்டில் குழாயை அடைக்கவில்லை, மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கிறது! மாரிக்கண்ணுவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. "எறக்கும் வே, மணி ஒம்போது!" என்று ஆபீசர் கத்தினார். கையில் மாட்டியிருந்த கையுறையையே காணோம் என்று தேடினான். ஏழு தடவை போன் போட்டும் பதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இறக்கினான். உடனே ஆபீசரிடம் வயிற்று வலி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டான். இதெல்லாம் பின்னால் அவனே என்னிடம் அழாத குறையாகச் சொன்னது.

தெருமுனை திரும்பும்போதே, தொட்டி வாசலில் கிடக்கிறதா என்றுதான் பார்த்தானாம். இல்லை. உள்ளே ஓடினான். இரண்டாயிரம் அப்பளமும் காய்ந்தபடி கிடந்தன. மாரிக்கண்ணு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். குனிந்து ஸ்டாண்டின் கதவைத் திறந்தான். உள்ளே நாலடி சம்ப். இறங்கிய தண்ணீர் அத்தனையும் அதில் அடங்கி, மேலே ஒரு சாண் இன்னும் காலியாக இருந்தது.

முந்தின நாள் அவன் மணிமுத்தாறு பக்கம் வேலைக்குப் போன நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டு மாற்றிவிட்டாள். "வாயத் தொறந்திய, தெரியும் சேதி" என்று என்னையும் மிரட்டியிருந்தாள். அவனோ ராத்திரி வந்து மீனைப் பார்த்தானே தவிர, கீழே குனியவே இல்லை.

"போன எடுத்திருக்கலாம்லா ஏட்டி! எனக்கு உசிரே போயிட்டு!"

"ஏழு தடவ அடிச்சிய. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் தொட்டி முன்னால் பொத்தென்று உட்கார்ந்தான். கை நடுக்கம் நிற்கவே இல்லை. மாரிக்கண்ணு உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தாள்.

"ஒங்க ஆபீசர் போன மட்டும் எடுத்தேன். ஒங்களுக்கு வயித்து வலியாம்லா? இந்தாங்க, குடிங்க."

நிலவேம்புக் கஷாயம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.