இரவல் நாற்காலி

சும்மா பணம் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றும் சந்தேகம்தான், இன்றும் சந்தேகம்தான். எழுபதுகளின் கடைசியில், மண்ணச்சநல்லூர் அரிசி மில்களில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக, நாங்கள் நாலைந்து பேர் மாதர் சங்கம் வைத்து ஒரு காப்பகம் நடத்தினோம். கீற்றுக் கூரை மட்கிப்போயிருந்தது. ஐப்பசி மழைக்குள் ஓடு போடாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். மூடினால் பிள்ளைகள் மறுபடி மில் வாசலில், லாரிச் சக்கரங்களுக்கு நடுவே.

அப்போதுதான் திருச்சியில் வியாபாரிகளும் டாக்டர்களும் வக்கீல்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கி, உள்ளூர்ச் சங்கங்களுக்கு உதவுவதாகச் சொன்னார்கள். என்ன வேலை செய்கிறோம், எதற்குப் பணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒருவர் நேரில் வந்து பார்ப்பாராம். கோயிலுக்கு ட்யூப் லைட் கொடுத்தால் வெளிச்சமே தெரியாதபடி 'உபயம்' என்று பெயர் எழுதுகிற ஊர் எங்களுடையது. "இவங்க மட்டும் சும்மாவா கொடுக்கப் போறாங்க?" என்றேன். இருந்தாலும் எழுதிப் போட்டேன். வேறு வழி?

வருகிறவர் நம்மை இளப்பமாக நினைத்துவிடக் கூடாதே! பெண் பார்க்க வந்தால் அடுத்த வீட்டு நாற்காலி நம் வீட்டுக்கு வந்துவிடும் இல்லையா, அதே பழக்கத்தில் நாற்காலி, மேசை விசிறி, டம்ளர் எல்லாம் இரவல் வாங்கினோம். கூரை ஓட்டை தெரியாமல் மேலே ஜமுக்காளம் வேறு கட்டினோம். எங்கள் புத்தியைப் பாருங்கள்!

வந்தவர் ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார். விசிறிக் காற்றில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் வசதியாத்தானே இருக்கு? எதுக்கும்மா பணம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து நின்றாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க திடீர்னு வந்துட்டாங்க. அந்த நாற்காலியக் கொஞ்சம் கொடுங்க."

வாத்தியார் எழுந்து கொடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விசிறி?"

"இரவல்தான் சார்."

மூலையில் இருந்த பிள்ளைகளைக் காட்டினார். "அப்ப இதுங்களும் இரவலா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜமுக்காளத்தைப் பிடித்து இழுத்தேன். கூரை வழியே வானம் தெரிந்தது. "மில்லு விடற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க!" என்று பாயை விரித்தேன். உட்கார்ந்தார். அப்போதும் சந்தேகம் தீராமல் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பேர் விசாரித்தார்.

மில் விட்டதும், தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு ஒருத்தி உள்ளே வந்தாள். அவள் மகள் வாத்தியார் முன்னால் நின்றிருந்தாள். பாய்ந்துபோய்ப் பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "யாருய்யா நீ? எம் புள்ள பேரு உனக்கு எதுக்கு?"

பதறி எழுந்தவர், வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். "இது இரவல் இல்ல, நம்பறேன்மா," என்றார் என்னிடம். "கூரைக்குப் பணம் கொடுக்கச் சொல்றேன்."

அவர் போனதும் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையை அவள் இன்னும் இறக்கிவிடவில்லை. "ஓடு வந்து இறங்கட்டுங்க்கா, அப்புறம் நம்பலாம்," என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மழைக்கு முன்பே ஓடு வந்து இறங்கியது. கூடவே, நாங்கள் கேட்காத ஒரு புது மர நாற்காலி. அதைக் கவிழ்த்துப்போட்டு, கால், முதுகு, அடிப்பலகை என்று ஒவ்வோர் இடமாகப் பெயர் தேடினேன். எங்கேயும் எழுதவில்லை.