ஜிலேபிக்குச் சூடம் காட்டிய கனகாம்பாள்

உள்ளறையில் ‘ணங்’ என்று பித்தளைத் தட்டு விழுந்தது. அது உருண்டு ஓய்வதற்குள், “அடி பாவி!” என்று ஒரு குரல் எழுந்தது.

முன்னறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த தமிழரசி நிமிரவே இல்லை. “எங்கம்மா வழியனுப்பு விழா நடத்துறாங்க” என்று கோப்பையைக் கோ தெட்டிடம் நீட்டினாள்.

கோ தெட் பாம்புக் குட்டிகள் வளர்த்து விற்கிற பர்மிய இளைஞன். பபேடான் பேட்டையில் இதே தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்தவன் என்பதால் தமிழில் சண்டை போடவும் வரும், சமாதானம் பேசவும் வரும். சில மாதங்களுக்கு முன் தமிழரசிக்கு விற்ற மலைப்பாம்புக் குட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான் இன்று காலிப் பெட்டியோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தான்.

திரையை விலக்கிக்கொண்டு கனகாம்பாள் வந்தாள். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனாக்காச் சாந்து, அந்தத் தனாக்காவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு கண்ணீர்.

“நீயே சொல்லு தம்பி. வீட்டை விட்டுப் போற அன்னைக்காவது என்னை ஒரு நல்ல பார்வை பாக்கக் கூடாதா? தட்டைத் தட்டி விட்டுட்டா. என் மூஞ்சியே அவளுக்கு ஆகலே!”

கனகாம்பாளின் முகம் ஆகாதவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. அலோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவரின் மகள். பதினைந்து வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. பால்கனியிலிருந்து அவள் தொங்கவிட்டிருக்கும் கயிற்றில் யாராவது புதுத் துணியைக் கட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். மாலைக்குள் அதே கயிற்றில் தைத்த லுங்கி இறங்கும், கூடவே “சாப்பிட்டியா?” என்ற கேள்வியும் இறங்கும். எதிர்வீட்டு மெஹ்ரீனின் குழந்தை சொந்தத் தாயிடம் உண்ணாத சோற்றைக் கனகாம்பாள் கையால் உண்டது. தெருநாய்கள் அவள் பின்னால் ஊர்வலம் போயின. அன்பைக் கொடுத்தால் அன்பு வரும் என்பதில் அவளுக்கு இந்த வயதுவரை ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவளின் வாழ்க்கையில் வந்து சேர்ந்தாள் ஜிலேபி!

கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் தமிழரசி ஒருநாள் ஒரு துணிப்பையை அவிழ்த்தபோது கனகாம்பாள் மெஷின் மேலேயே ஏறி நின்றாள். “இது பெருசானாலும் நாலு முழ வேட்டிக்கு மேல வளராதும்மா” என்று மகள் அளந்த பொய்யைக் காலம் கண்டுபிடிக்கட்டும். தங்கநிறத் திட்டுகளோடு, தலையை நடுவில் புதைத்துச் சுருண்டுகொண்ட அந்தக் குட்டியைக் கண்டு, இறங்கி வந்தவள் கேட்ட முதல் கேள்வி, “ஐய, ஜிலேபியாட்டம் இருக்கே! என்ன சாப்பிடும்?” என்பதுதான்.

அன்றே அவள் விழுந்துவிட்டாள். எலி ஊட்டும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். நாகம்மாவின் இனமாயிற்றே, வெள்ளிக்கிழமைதான் உகந்தது என்று நாளும் குறித்தாள். தான் அன்று முட்டைகூடத் தொடாமல் விரதம் இருந்துகொண்டு, ஐஸ்பெட்டியில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து ஊட்டுவாள்.

ஆனால் ஜிலேபிக்கு நன்றி இல்லை. தமிழரசியின் கழுத்தில் மாலையாகக் கிடந்தாள். கனகாம்பாளின் கணவர் அய்யாசாமியின் சட்டைப்பைக்குள் தலையை விட்டுத் தூங்கினாள். கனகாம்பாள் கூண்டைத் திறந்தால் மட்டும் அம்புபோலப் பாய்ந்தாள். போன வெள்ளிக்கிழமை மணிக்கட்டிலேயே பல் பதிந்துவிட்டது. பூனை கீறிய அளவுதான். ஆனால் அய்யாசாமி, “இந்த வீட்ல உன் கை இருக்கணும், இல்லே அந்தப் பாம்பு இருக்கணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கனகாம்பாள் வாரம் முழுக்க ஈரத் தலையணையில் படுத்தாள். கடித்தது வலிக்கவில்லை. அவளை மட்டும் கடித்ததே, அதுதான் வலித்தது.

கனகாம்பாளை அம்மா என்ற பொருளில் பர்மிய மொழியில் ‘அமே’ என்றே அழைக்கும் கோ தெட் டீயைக் கீழே வைத்தான். “அமே, தட்டுன்னீங்களே. என்ன தட்டு?”

“சூடத்தட்டுப்பா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காட்டுவேன். இன்னைக்குக் கிழமை வேறன்னாலும், போறாளேன்னு காட்டினேன். கண்ணாடிக்கு வெளியே காட்டினா சாமிக்குச் சேராதுன்னு கதவை நகத்திட்டு உள்ள காட்டுவேன்.”

“காட்டிட்டு?”

“காட்டிட்டு எலி குடுப்பேன். பின்னே, பூசை முடிஞ்சா பிரசாதம் வேண்டாமா?”

கோ தெட் தமிழரசியைப் பார்த்தான். தமிழரசி கூரையைப் பார்த்தாள்.

“அமே, நீங்க தள்ளி நில்லுங்க. நான் காட்டுறேன்.”

உள்ளறையில், தட்டில் புதுச் சூடம் எரிந்தது. கோ தெட் கூண்டுக் கதவை நகர்த்தி, பயபக்தியோடு சுற்ற ஆரம்பித்தான்.

“எடமாச் சுத்தாதே தம்பி, அபசாரம்!”

அவன் வலமாக மாற்றினான். ஜிலேபியின் தலை தட்டோடு சேர்ந்து திரும்பியது. கழுத்து நெளிந்து பின்வாங்கியது. அடுத்த கணம், ணங்! தட்டு பறந்தது. கோ தெட் பறந்து போய் லுங்கிக் குவியலில் உட்கார்ந்தான். தமிழரசி சூடத்தைச் செருப்பால் மிதித்து அணைத்தாள்.

கனகாம்பாள் கைகொட்டினாள்.

“உன்னையும்! தம்பி, உன்னையும் கடிக்க வந்தா!” அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார். “பெத்து வளத்த உன்னையே கடிக்க வந்தாளே! அய்யோ, என் வயித்துல பால வார்த்தா!”

“ரொம்ப சந்தோசம் அமே” என்றான் கோ தெட், குவியலிலிருந்து. “கொஞ்சம் தூக்கி விடுறீங்களா?”

எழுந்து உட்கார்ந்து அவன் விளக்கினான். ஜிலேபியின் மேலுதட்டில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றால் அவள் சூட்டை உணர்கிறாள். இருட்டில் எலியைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். வளர்கிற வயது, எந்நேரமும் பசி. கதவு திறக்கிறது, சூடாக ஏதோ ஆடுகிறது, உடனே சாப்பாடும் வருகிறது. வாராவாரம் இதையே படித்தவள் வேறென்ன செய்வாள்?

“கோவமே இல்லை அமே. நீங்களே பந்திக்குக் கூப்பிடுறீங்க, வந்தா அடி பாவிங்கிறீங்க.”

கனகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்போ என்னைக் கண்டு… சாப்பாடு வந்துருச்சுன்னு பாஞ்சாளா?”

“ஆமா. இன்னைக்குக் காலைல என்ன சமைச்சீங்க?”

“கோழி.”

“அந்தக் கையோடதானே உள்ள போனீங்க? சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க.”

ஜிலேபியின் படபடப்பு அடங்கும்வரை இன்னொரு டீ குடித்தார்கள். கனகாம்பாள் கையை மூன்று தடவை கழுவி, மெஹ்ரீன் வீட்டுக்கே போய் முகரச் சொல்லிச் சான்றிதழும் வாங்கி வந்தாள். கோ தெட் அவளிடம் ஒரு தோசைக்கரண்டியைக் கொடுத்தான். “காம்பால முதுகுல மெல்லத் தொடுங்க. இது சாப்பாட்டு நேரமில்லேன்னு அவளுக்குச் சேதி.”

கதவு நகர்ந்தது. கனகாம்பாள் கரண்டிக்காம்பை நீட்டிய விதத்தைப் பார்த்தால் மணமேடையில் தாலி எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. தொட்டாள். ஜிலேபி நாக்கை நீட்டி, உள்ளிழுத்து, உடம்பைத் தளர்த்தினாள்.

“இப்போ நடுவுல ரெண்டு கையும் குடுத்துத் தூக்குங்க. தலைப்பக்கம் போகாதீங்க.”

“காளியாத்தா, காளியாத்தா…” என்று முனகிக்கொண்டே அவள் தூக்கினாள். பாயவில்லை. சீறவில்லை. குளுகுளுவென்று அந்த உடம்பு அவள் மணிக்கட்டைச் சுற்றியது. பல் பதிந்த தழும்பின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது.

“தமிழு… என்னைப் புடிச்சிருக்குடி அவளுக்கு” என்று அழுதுகொண்டே சிரித்தாள் கனகாம்பாள்.

“மரக்கிளைன்னு நினைச்சிருக்கும்மா.”

“நினைச்சிட்டுப் போகட்டும்! கிளையா இருந்துட்டுப் போறேன்!”

“அப்பாக்கு என்ன சொல்லப்போறே?”

“உங்கப்பா கைல சூடத்தட்டைக் குடுத்து ஒரு தடவை காட்டச் சொல்றேன். அப்புறம் அந்த மனுசன் என் பக்கம்தான்.”

இனி எலிக்குக் கிழமை இல்லை, கூண்டுக்கு அருகே நெருப்பு இல்லை, தின்ற பின் இரண்டு நாள் தூக்குவதும் இல்லை என்று கோ தெட் சத்தியம் வாங்கினான். நாகம்மா கோபித்துக்கொள்வாளா என்று கேட்டதற்கு, வாசற்படியில் நின்று காட்டினால் போதும், அவள் தூரத்திலிருந்தே வாங்கிக்கொள்வாள் என்றான். பிறகு காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

“இருப்பா, கோழிக்குழம்பு சாப்பிட்டுப் போ!”

“வேணாம் அமே. கைல வாசனை ஒட்டிக்கும், என் வீட்ல நாப்பது பேர் இருக்காங்க.”

வாசல் வரை போய் வழியனுப்புவது கனகாம்பாளின் வழக்கம். இன்று அவளால் அசைய முடியவில்லை. கையில் ஒருத்தி தூங்குகிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலைத் தாழ்த்தி, “தம்பி, கதவை மெல்லச் சாத்திட்டுப் போப்பா” என்றாள்.

கோ தெட் படியில் நின்று, தாழ்ப்பாள் சத்தம்கூட எழாமல் கதவைச் சாத்தினான்.