தண்டில் காது வைப்பவர்

குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குகிறார் அந்தப் பூச்சி ஆய்வாளர். மின்விசிறியை நிறுத்துகிறார். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிகிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் கத்தரிச் செடியின் பக்கம் குனிகிறார். "மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்க" என்கிறார், பார்க்க வந்த என்னிடம். "மாப்பிள்ளை பேச ஆரம்பிச்சுட்டான்."

மாப்பிள்ளை ஓர் ஆண்பூச்சி; மிளகளவு இருக்கிறான். முதுகில் முள் போன்ற கொம்பு. தண்டைப் பற்றிக்கொண்டு உடம்பை உதறுகிறான். அந்த அதிர்வு தண்டுக்குள் ஓடும். நம் காதுக்கு எட்டாது. தண்டில் ஒட்டியிருக்கும் சிறு கருவிதான் அதை ஒலியாக்கித் தருகிறது. அதே செடியில் இருக்கும் பெண்பூச்சி, பிடித்திருந்தால் பதிலுக்கு அதிர்வாள். இல்லையென்றால் மௌனம். "யோசிச்சுச் சொல்றேன்னு இழுத்தடிக்கிற பேச்சே இவங்ககிட்ட கிடையாது."

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'காது மேடம்'. கூட்டங்களில் மேசைமேல் விரல்நுனியை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். இயக்குநர் வராந்தாவில் வருவதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து நிமிர்ந்துகொள்வார். "பூச்சிக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறா, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மட்டும் வரமாட்டேங்குறா" என்று தன் அம்மா அலுத்துக்கொள்வதை அவரே சிரித்தபடி சொல்கிறார்.

இந்தப் பூச்சியில் இரண்டு கூட்டம். கத்தரியில் வாழ்வது ஒன்று, சூரியகாந்தியில் வாழ்வது இன்னொன்று. பார்வைக்கு அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கத்தரி ஆண் அடித்தொண்டையில் முனகுவான். சூரியகாந்தி ஆணுக்குக் கீச்சுக்குரல். ஒரு கூட்டத்துப் பெண் மற்றதன் ஆணுக்குப் பதிலே சொல்வதில்லை. இப்படியே கலக்காமல் பல தலைமுறை போனால் ஒரே இனம் இரண்டாகிவிடும். பெண்ணின் இந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது? பிறவியிலேயே வருவது என்பது காது மேடத்தின் கட்சி. அவருடைய பெயரே அந்தக் கட்சியில்தான் நின்றது.

எதிர்க்கட்சி அதே வளாகத்தின் பசுமைக்குடிலில் இருந்தது. செடிகளை வளர்க்கும் தாவரவியலாளர், கூடப் பிறந்த தங்கை.

"அக்கா, நீ பூச்சியையே பார்த்துட்டிருக்க. அது குடிக்கிற சாறு, நிக்கிற தண்டு எல்லாம் என் செடியோடது. செடிக்கு இதுல பங்கே இல்லேன்னா எப்படி?"

"உன் செடி சாப்பாடு போடும்டி. புத்தி சொல்லாது."

மதியச் சாப்பாட்டின்போதெல்லாம் இதே சண்டை. வாய்ச்சண்டை போதுமென்று தங்கை ஒரு நாள் வேலையில் இறங்கினார். சூரியகாந்தியில் பொரித்த குஞ்சுகளில் பாதியைக் கத்தரிக்கு மாற்றினார்; மீதியை வேறொரு சூரியகாந்திக்கு. அவை வளர்ந்து பருவம் எய்தியதும் கூண்டுகளைத் துணியால் மூடி அக்காவிடம் கொண்டுவந்தார். கருவியின் ஒயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எது எதுன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சுகிட்டுக் கேட்டா, காது தனக்கு வேண்டியதைத்தான் கேக்கும்."

பதிவுசெய்து வைத்திருந்த இரண்டு கூட்டத்து ஆண்களின் பாட்டுகளையும் அக்கா ஒயர் வழியாக ஒவ்வொரு கூண்டுச் செடியின் தண்டிலும் அதிரவிட்டார். சில பெண்கள் வழக்கம்போலக் கீச்சுக்குரலுக்குப் பதில் சொன்னார்கள். சிலர் அதற்கு அசையவே இல்லை. அடிக்குரல் முனகலுக்குத்தான் பதில் அதிர்ந்தார்கள். துணியை விலக்கியபோது, அப்படி அதிர்ந்தவர்கள் எல்லோரும் கத்தரியில் வளர்ந்தவர்கள்.

"இன்னொரு தடவை பண்ணு. புதுக் குஞ்சுங்களை வச்சு" என்றார் அக்கா. தங்கை செய்தார். மறுபடியும் அதேதான். செடி மாறினால் பெண்ணின் மனமும் மாறுகிறது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் வேலி பூச்சிக்குள் மட்டும் இல்லை, செடியிலும் இருக்கிறது.

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. "என் பேரே போச்சேன்னு இருந்துச்சு" என்கிறார். "கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒரே பரபரப்பு. இத்தனை வருஷமா ஒரு காதை மூடிக்கிட்டுக் கேட்டிருக்கேன், இன்னும் எவ்வளவு கேக்க பாக்கி இருக்குன்னு."

ஆண்டுக் கருத்தரங்கு நெருங்கியிருந்தது. பழைய முடிவைப் பற்றி அவர் பேசுவதாக அழைப்பிதழே அச்சாகிவிட்டது. இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்.

"இவ்வளவு அவசரம் எதுக்கு? பழசையே பேசிடுங்க. அடுத்த வருஷம் மெதுவா திருத்திக்கலாம்."

"அதுவரைக்கும் தப்புன்னு தெரிஞ்சதையே சொல்லிட்டுத் திரியச் சொல்றீங்களா, சார்?"

இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

அரங்கில் நானும் இருந்தேன். தன் பழைய முடிவைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, "இதுல பாதி தப்பு" என்று கணீரென்று சொன்னார். கூட்டம் சலசலத்தது. தங்கையின் சோதனையை ஒன்றுவிடாமல் விளக்கினார்.

முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்போ உங்க இத்தனை வருஷ உழைப்பு?"

"நான் கேட்ட பாட்டெல்லாம் நிஜம். சொன்ன காரணம்தான் பாதி. மீதிப் பாதியைக் கண்டுபிடிச்சவங்க கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண் ஒட்டிய காலணிகளோடு தங்கை எழுந்து, நடுவழியில் தயங்கி நின்று, மேடையேறினார்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்று கிசுகிசுத்தார்.

அக்கா தன் உயரத்துக்கு நின்றிருந்த மைக்கின் திருகைத் தளர்த்தி, தங்கையின் வாய்க்கு நேராக ஒரு சாண் கீழே இறக்கிவிட்டு, மேடையிலிருந்து இறங்கினார்.