படத்தில் இல்லாத குழந்தை

எங்கள் மலையில் சினிமா தியேட்டர் கிடையாது. அந்தக் குறையே தெரியாமல் நாங்கள் வளர்ந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. அடிவாரத்துப் போளூருக்கு யார் இறங்கினாலும் ஒரு படம் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்த அன்று மாலையே சாமை காயவைக்கும் பாறையில் உட்கார்ந்து அதை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். இது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். மற்றவர்கள் சொன்னால் படம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சித்தப்பா சொன்னால் பாட்டு உண்டு, சண்டை உண்டு, இடைவேளையும் உண்டு. இடைவேளையில் முறுக்கு விற்பவர் மாதிரி கூவிக்கொண்டே ஒரு சுற்று வந்து, எங்கள் மடியிலிருந்த வறுத்த மொச்சையை அள்ளித் தின்பார்.

படத்தைவிட ருசியானது அதன்பிறகு வரும் கேள்வி நேரம். ஒரே பாட்டில் கதாநாயகி ஆறேழு புடவை மாற்றுகிறாளே, அந்த மூட்டையை மலை உச்சிக்கு யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பெரியம்மா கேட்பாள். கதாநாயகன் ஆடப் போய்விட்டால் மாட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது அப்பாவின் தீராத கவலை. பாடுவது நடிகரே இல்லை, வேறொருவர் கண்ணாடி அறைக்குள் நின்று பாடுகிறார் என்று சித்தப்பா ஒருமுறை போட்டு உடைத்தபோது, நான் உயிரையே வைத்திருந்த நடிகருக்காக அன்றைக்குக் களி தின்ன மறுத்துவிட்டேன். எந்தக் கேள்விக்கும் ‘தெரியாது’ என்ற பதில் மட்டும் சித்தப்பாவிடமிருந்து வந்ததில்லை.

அதே நடிகரின் புதுப்படம் போளூருக்கு வந்திருந்தது. சித்தப்பா சித்தியையும் அழைத்துக்கொண்டு இறங்கினார். புதிதாகக் கல்யாணமானவர்கள், படத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏமாந்தோம். அதற்கும் மறுநாள்தான் வந்தார்கள். பார்க்கவே இத்தனை நாள் ஆகிறதென்றால் எவ்வளவு பெரிய படமாக இருக்க வேண்டும்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி வெளுத்துப்போய் இறங்கினாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்திருப்பாள் என்று நானே முடிவு கட்டினேன். அம்மா அவளைக் குடத்தைத் தொடவிடவில்லை, விறகுக்கும் அனுப்பவில்லை. படம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இத்தனை ராஜ உபசாரமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று மாலை சித்தப்பா தலைவலி என்று படுத்துக்கொண்டார். ஊர் விடுமா? நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உட்காரவைத்தேன். எங்கள் நடிகர் இந்தப் படத்தில் மலைக்காரராக வருகிறார் என்று அவர் ஆரம்பித்ததுமே நாங்கள் கைதட்டி விசிலடித்தோம். மலைக்காரனும் மனைவியும் தேர்த்திருவிழா பார்க்கக் கீழே இறங்குகிறார்கள். கூட்டத்தில் அவர்களுடைய குழந்தை காணாமல் போய்விடுகிறது. இருவரும் தெருத்தெருவாகத் தேடுகிறார்கள். சித்தப்பா அன்று பாட்டு ஒன்றும் பாடவில்லை, சண்டை போடவில்லை, மொச்சையைத் தொடவும் இல்லை. தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்திதான் முதல் கேள்வி கேட்டாள். அவள் அந்தப் பாறையில் வாய் திறந்தது அன்றுதான்.

“அந்தக் கொழந்த கெடைச்சிச்சா?”

பாறையே சிரித்தது. கூடப் போய்ப் பார்த்தவளே கேட்கிறாளே, தியேட்டரில் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று பெரியம்மா கேலி செய்தாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக அவர் திணறியதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

“கெடைக்கும்” என்றார். “கொஞ்ச நாளாவும். ஆனா கெடைக்கும். ஓடியாந்து அவங்கம்மா காலக் கட்டிக்கும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் கட்டத்தை என் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றே சபதம் எடுத்தேன்.

எங்கள் ஊரின் அடுத்த திருவிழாவில் அந்த யோகம் அடித்தது. போளூரிலிருந்து ஒருவர் டிவியும் சிடி டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் அதே படத்தின் சிடி இருந்தது. மத்தியான வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, ஊரே ஒரு வீட்டுக்குள் அடைந்துகொண்டது. நான் டிவியின் மூக்கருகே உட்கார்ந்தேன்.

எங்கள் நடிகர் போலீஸ் உடையில் வந்தார். சரி, போகப் போக மலைக்காரராகிவிடுவார் என்று காத்திருந்தோம். ஆகவில்லை. அடித்தார், ஆடினார், வில்லனைப் பிடித்தார். தேரும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை, படம் முடிந்துவிட்டது.

கொந்தளித்துவிட்டது கூட்டம். இந்த ஆள் சிடியில் பாதியை வெட்டிவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மலைக்காரர்கள்தானே, என்ன தெரியப்போகிறது என்ற இளக்காரம்! குழந்தை வரும் பாதியைப் போடாமல் டிவி இங்கிருந்து நகராது என்று அப்பா வாசலை மறித்து நின்றார். நான் வயரைப் பிடித்துக்கொண்டேன்.

“நானே தேட்டர்ல ரெண்டு வாட்டி பாத்தேங்க. இதுல கொழந்தயே கெடையாது. யாரு சொன்னது உங்களுக்கு?” என்றார் போளூர்க்காரர், அழாத குறையாக.

எல்லாத் தலைகளும் சுவரோரம் நின்ற சித்தப்பா பக்கம் திரும்பின. இத்தனை வருடமாக அவர் சொன்ன அத்தனை படமும் அந்த நிமிடம் ஆட்டம் கண்டது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலிருந்து சித்தி எழுந்தாள்.

“நான் ஒண்ணும் தூங்கல. அவரு கூடவேதான் இருந்தேன். கொழந்த இருந்திச்சு.”

அவ்வளவுதான். பார்த்த சாட்சி இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், பிறகென்ன? இனிமேல் வெட்டாத சிடியாகக் கொண்டுவரச் சொல்லி, பெரிய மனது பண்ணி அவரை அனுப்பிவைத்தது ஊர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தில் அழுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் அந்த முறை தியேட்டர் வாசலையே மிதிக்கவில்லை. ஊருக்கு இன்னும் சொல்லாமல் வைத்திருந்த முதல் கர்ப்பம் தங்காமல் போய், சித்தி போளூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சித்தப்பா வராந்தாவில் கிடந்தார். இதை அம்மா என்னிடம் சொன்னது நான் வளர்ந்து, பஸ் ஏறிக் கீழே படிக்கப் போன பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் போளூர்க்காரர் தோற்றார், நாங்கள் ஜெயித்தோம் என்பதுதான். பாறை மேல் ஏறி நின்று விசிலடித்தேன். அதன்பிறகு எங்கள் ஊருக்கு டெக் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் முதல் ஆளாக ஓடிப்போய், சித்தி சந்தோஷப்படட்டும் என்று அவள் காதில் விழும்படி கேட்பேன்: “கொழந்த வர்ற படம் கொண்டாந்திருக்கீங்களா?”