மூக்கில் வைத்த சந்தனம்

உக்குவளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறவள் சிவநந்தினி. அவளுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத வாய் அந்தத் தெருவில் இல்லை. கேட்கட்டுமே! கடை முடிந்து வந்து, உலை வைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, அதற்கப்புறம் தொலைக்கல்வியில் பொறியியல் படிக்கிறவள் அவள். படிப்போடு இடுப்புவலியும் சேர்ந்து வந்தது.

ஆளில்லா விமானங்களை ஆராயும் குழு ஒன்று வெளியாட்களையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. விவசாயி, வியாபாரி, மாணவர், யாரும் வரலாம். மாணவராக வருகிறவர் தானே செய்த விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியிருக்கவும் கூடாது. முன்பு அவள் மாணவராக விண்ணப்பித்தபோதெல்லாம் கைவிரித்தவர்கள், இந்த முறை கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. கணவன் திலீபனுக்கு அந்த வயதுக் கணக்கு தெரியாது. தெரிந்தால் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்து, அவளையும் இழுத்துக்கொண்டு அலைவான்.

தங்கமான மனுசன்தான். பறக்கவிட்டுக் காட்ட வேண்டிய நாள் காலை பலாபத்வல வயலோரத் திடலில், புது லொறிக்குச் செய்வதையெல்லாம், ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கையில் அவள் செய்திருந்த விமானத்துக்கும் செய்தான். தேங்காய் உடைத்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்தான். கடைசியாக மூக்கில் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தான்.

அந்த மூக்கில்தான் காற்றின் வேகத்தை அளக்கிற சின்னக் குழாய் இருந்தது.

சிவநந்தினி பார்த்தாள். துடைக்கலாம். துடைத்தால், "சாமிக்கு வச்சதைத் துடைக்கிறியே" என்று அவன் முகம் வாடிப்போகும். அப்புறம் சமாதானம் செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஓட்டை அடைபட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விமானம் எழும்பியது. திலீபன் கைதட்டினான். வேகமே இல்லை என்று குழாய் சொல்ல, வேகம் பிடிப்பதற்காக விமானம் தலையைக் குனிந்தது. குனிந்தது குனிந்ததுதான். நேரே வரப்பில் போய்க் குத்தியது.

பார்த்துக்கொண்டிருந்த குழுத் தலைவி, சந்தனம் அடைத்திருந்த குழாயை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். "நாங்களும் பன்சலையில ஓதித் தர்ற பிரித் நூல் கட்டுறோம், ஆனா வாலில. இதை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டுமா விட்டீங்க?"

"அவரு மனசு நோகுமேன்னு..."

"மனசு நோகும்னு வாயை மூடுறவங்களை நம்பி நான் எதையும் மேல அனுப்ப முடியாதும்மா. மன்னிக்கணும்."

அதில் அவளால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. திலீபன் மேல் கோபம் வந்தது. தன் மேல் அதைவிடக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அசதி. அழக்கூட முடியாத அசதி.

மாத்தளை பஸ்ஸில் ஒடிந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு திலீபன் விம்மினான்.

"நான்தான் கெடுத்தேன், நந்தினி. அடுத்த வருசம் நான் கிட்டவே வரமாட்டேன். நீ செய், பாரு, கட்டாயம் எடுத்துக்குவாங்க."

அடுத்த வருசம் என்று ஒன்று தனக்கு இல்லை என்பது அவள் தொண்டை வரை வந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"சரிங்க," என்றாள்.